அடுத்த வண்டி வரும்

பெங்களூரின் தொம்மலூரில் மெட்ரோ நிற்காது. ஊதாத் தடம் வடக்கே இந்திராநகரின் சி.எம்.எச். சாலைக்கு மேலே ஓடிவிடுகிறது. பழைய விமான நிலையச் சாலையை ஒட்டிக் குடியிருக்கும் தொம்மலூர்க்காரர்கள் ரயில் பிடிக்க வேண்டுமென்றால், ஆட்டோவிலோ பஸ்ஸிலோ இந்திராநகர் நிலையம்வரை போயாக வேண்டும். ஊர் என்னவோ மிகப் பழையது. சொக்கப்பெருமாள் கோயில் சுவர்களில் 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் இதன் பெயர் தொம்பலூர். அந்தக் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில்தான் என் அக்கா வீடு.

வேலை நிமித்தமாகச் சில காலம் டோக்கியோவில் இருந்துவிட்டு வந்தவன் நான். ஊருக்கு வந்தால் உறவினர் எல்லோரும் கேட்பது அந்த ஊர் ரயிலைப் பற்றித்தான். யாரும் செல்போனில் பேசமாட்டார்களாமே, வரிசையில் நிற்பார்களாமே, முதுகுப் பையைக் கழற்றி முன்பக்கம் மாட்டிக்கொள்வார்களாமே என்று கேட்பார்கள். எல்லாம் உண்மை. ஆனால் பேச்சு அதோடு நிற்பதில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அத்தான் சொன்னார்: “ஜப்பான்காரனுக்கு அது ரத்தத்துலயே ஊறியிருக்குப்பா. நம்ம ஜனங்களுக்கு எத்தனை போர்டு வெச்சாலும் வராது.”

இந்தப் பேச்சை எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் மனசு சுருங்கும். நம்மை நாமே தாழ்த்திக்கொள்வதோடு, அங்கே நூறு வருஷமாக உழைத்தவர்களின் உழைப்பையும் அது இல்லாமல் ஆக்கிவிடுகிறது. அக்கா ரசத்தை ஊற்றிக்கொண்டே, “தினமும் மெட்ரோல போறவ நான். நாளைக்கு என்கூட வா. வந்து பார்த்துட்டு அப்புறம் ரெண்டு பேரும் பேசுங்க” என்றாள். அப்படித்தான் இந்தப் பயணம் தொடங்கியது.

இந்திராநகர் நிலையம் இந்த நகரத்து மெட்ரோவின் முதல் ஆறு நிலையங்களில் ஒன்று. 2011 அக்டோபர் 20 அன்று பையப்பனஹள்ளிக்கும் எம்.ஜி. ரோட்டுக்கும் நடுவே முதல் வண்டி ஓடியது. அந்தத் திட்டத்துக்குக் கடன் கொடுத்தது ஜப்பான். 2006-இல் கையெழுத்தான முதல் கடன் மட்டும் சுமார் 4,470 கோடி யென். பெட்டிகளைச் செய்துதந்த கூட்டணியில் நம் பெமல் நிறுவனத்தோடு கொரியாவின் ரோட்டமும் ஜப்பானின் மிட்சுபிஷியும் இருந்தன. ஆகவே தொம்மலூரிலிருந்து ஜப்பானிய ரயிலை நினைப்பது நெடுந்தூரத்து விஷயமல்ல.

பிளாட்பாரத்தில் ஏறியதும் என் கண் போனது தரைக்கு. பிளாட்பாரத்தின் விளிம்பையொட்டி மஞ்சள் ஓடுகள் நீளமாகப் பதித்திருக்கிறார்கள். சிலவற்றில் வட்ட வட்டமாகப் புடைப்பு, சிலவற்றில் நீளவாக்கில் கோடு கோடாகப் புடைப்பு. கோடு இருந்தால் இந்தப் பக்கமாக நடக்கலாம் என்று பொருள். வட்டம் இருந்தால் நில், முன்னால் ஆபத்து என்று பொருள். பார்வையற்றவர்கள் கைத்தடியாலும் பாதத்தாலும் படிக்கும் எழுத்து அது. அதைக் கண்டுபிடித்தவர் செயிச்சி மியாகே என்ற ஜப்பானியர், ஒகயாமா நகரில் விடுதி நடத்திவந்தவர். பார்வை மங்கிவந்த நண்பர் ஒருவருக்காக 1965-இல் அதை யோசித்தார் என்பார்கள். 1967 மார்ச் 18 அன்று ஒகயாமாவில் பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே ஒரு சாலைச் சந்திப்பில் முதன்முதலாகப் பதித்தார்கள். பிறகு அது ரயில் நிலையங்களுக்குப் போய், கடல் கடந்து, இன்று சி.எம்.எச். சாலைக்கு மேலே நம் காலடியில் கிடக்கிறது.

நம்மில் பெரும்பாலோருக்கு அது வெறும் மஞ்சள் கோடு. தாண்டினால் செக்யூரிட்டி விசில் ஊதுவார், அவ்வளவுதான் தெரியும். அன்று காலையும் விசில் ஓயவில்லை. ஆனால் கோட்டுக்கு இப்பால் நிற்கச் சொல்கிற அந்த விசில், கோட்டின் மேலேயே நிற்கிறவர்களை விட்டுவிடுகிறது. இளைஞர்கள் நாலைந்து பேர் ஓடுகளின் மேலேயே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பார்வையற்றவர் ஒருவர் அந்த வழியே தடியைத் தட்டிக்கொண்டு வந்தால் அவர்கள் கால்களில்தான் முட்டுவார். அது விளிம்பைக் காட்டும் கோடு மட்டுமில்லை, ஒருவர் நடக்கும் பாதை என்பதை எந்த அறிவிப்புப் பலகையும் அவர்களுக்குச் சொல்லவில்லை. சொன்னால் நகர்ந்துவிடுவார்கள். நான் சொன்னேன்; அந்தப் பிள்ளைகள் உடனே நகர்ந்தார்கள், ஒருவன் குனிந்து புடைப்பைத் தொட்டும் பார்த்தான்.

காலை ஒன்பது மணிக்கு இந்திராநகரில் வண்டி ஏறுவது சுலபமில்லை. ஒயிட்ஃபீல்டு காடுகோடியிலிருந்து சல்லகட்டாவரை ஊதாத் தடம் முழுசாகத் திறந்தது 2023 அக்டோபரில். அதற்குப் பிறகு வண்டி இங்கே வரும்போதே நிரம்பித்தான் வருகிறது. இருந்தும் கதவுகள் நிற்கும் இடத்துக்கு இரு பக்கமும் ஜனங்கள் ஒதுங்கி நின்றார்கள். நடுவில் இறங்குகிறவர்களுக்கு வழி இருந்தது. ஒருவர் மட்டும் நடுவே புகப் பார்த்தார். “இளியோரிகே தாரி பிடி சார்” என்று பின்னாலிருந்து ஒரு குரல், இறங்குகிறவர்களுக்கு வழி விடச் சொல்லி. அவர் பின்வாங்கினார்.

டோக்கியோவில் இதே காரியம் குரலே இல்லாமல் நடக்கும். பிளாட்பாரத்தில் வரைந்த கோடுகளின் மேல் இரண்டு வரிசையாக, கூட்டமான நிலையங்களில் மூன்று வரிசையாக நிற்பார்கள். கதவு திறந்ததும் வரிசை இரண்டாகப் பிளந்து ஓரம் போகும். நான் மிகவும் ரசித்தது வேறொன்று. வண்டிக்குள் கதவோரம் நிற்பவர், தனக்கு இறங்கும் இடம் இல்லாவிட்டாலும், உள்ளேயிருந்து வருகிறவர்களுக்காகப் பிளாட்பாரத்தில் இறங்கி ஓரமாக நிற்பார். எல்லோரும் இறங்கிய பிறகு முதல் ஆளாக அவரே ஏறுவார். வெளியே காத்திருப்பவர்கள் அவரை முந்தமாட்டார்கள். முந்தமாட்டார்கள் என்ற உறுதி இருப்பதால்தான் அவர் இறங்குகிறார். அந்த உறுதி இல்லாத ஊரில், கதவோரம் நிற்பவர் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பதுதான் புத்திசாலித்தனம். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

அக்கா பெண்களுக்கான முதல் பெட்டிக்குப் போனாள். நான் அடுத்த பெட்டியில் ஏறினேன். கதவு மூடியதும் அந்தக் கன்னடக் குரல், “முந்தின நில்தாண ஹலசூரு” என்று அடுத்த நிலையத்தைச் சொன்னது. அபர்ணா வஸ்தாரேயின் குரல் அது. இயக்குநர் புட்டண்ண கணகாலின் ‘மசணத ஹூவு’ படத்தில் நடிக்க வந்து, பிறகு தொகுப்பாளராகக் கர்நாடகத்தில் வீட்டுக்கு வீடு தெரிந்தவர். 2024 ஜூலை 11 அன்று புற்றுநோயில் காலமானார். அவர் போன பிறகும் லட்சக்கணக்கான பேரை அந்தக் குரல்தான் இறங்கச் சொல்கிறது, ஏறச் சொல்கிறது, இடைவெளியைக் கவனிக்கச் சொல்கிறது. அதட்டல் துளியும் இல்லாத குரல். பொது இடத்து ஒழுங்குக்கு ஒலி எவ்வளவு முக்கியம் என்பதை ஜப்பானியர்கள் வேறு வழியில் புரிந்துகொண்டார்கள். வண்டி புறப்படும்போது அடிக்கும் கர்ணகடூரமான மணி ஜனங்களைப் பதறவைக்கிறது என்று, 1989-இல் ஷிஞ்ஜுகு, ஷிபுயா நிலையங்களில் மணியை எடுத்துவிட்டுச் சின்னச் சின்ன இசைத்துணுக்குகளை வைத்தார்கள். இன்று டோக்கியோவில் பல நிலையங்களுக்குத் தனித்தனி மெட்டு உண்டு.

ஹலசூரு தாண்டியதும் இன்னொரு ஒலி. என் பக்கத்தில் நடுவயதுக்காரர் ஒருவர் போனில் கிரிக்கெட் துணுக்குகளைச் சத்தமாக ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் ஒரு பையன் ரீல்ஸ். இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றோடொன்று மோதின. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் சுற்றியிருந்த முகங்கள் எல்லாம் இறுகியிருந்தன. நம் மெட்ரோவில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது இதுதான். தள்ளுமுள்ளு கூட்டத்தின் வேலை. நேரம் போனால் தீரும். இந்தச் சத்தம் காலியான வண்டியிலும் இருக்கிறது. ஒரு இயர்போன் போதும்.

டிரினிட்டியில் ஒரு மூதாட்டி ஏறினார், கையில் மருத்துவமனை ஃபைல். உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண் எழுந்து, “பன்னி அஜ்ஜி, கூத்கொள்ளி” என்று உட்காரச் சொன்னாள். பாட்டி உட்கார்ந்ததும் தமிழில், “நல்லாயிரு கண்ணு. எங்க படிக்கிற?” என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் புரிந்தது. ஆனால் பதில் கன்னடத்தில் வந்தது. பாட்டிக்கு அதுவும் புரிந்தது. இரண்டு நிலையங்களுக்குள் பாட்டியின் மூட்டுவலி, பேரனின் வேலை, அந்தப் பெண்ணின் செமஸ்டர் எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள்.

டோக்கியோவில் இடம் கொடுப்பது இப்படி நடக்காது. பெரியவர் ஒருவர் வந்தால், உட்கார்ந்திருப்பவர் அடுத்த நிலையத்தில் இறங்குகிறவர்போல எழுந்து கதவுப் பக்கம் போய்விடுவார். பெரியவர் நன்றி சொல்லவேண்டிய சங்கடம்கூட இருக்கக் கூடாது என்பது எண்ணம். அது ஓர் உயர்ந்த நாகரிகம், சந்தேகமில்லை. ஆனால் டிரினிட்டிக்கும் கப்பன் பார்க்குக்கும் நடுவே நான் கேட்ட அந்தப் பேச்சு அங்கே கிடைக்காது. எனக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பாட்டியின் பக்கம்தான் நிற்பேன்.

முதியோருக்கென்று தனி இருக்கை ஜப்பானில் எப்போது வந்தது என்று பார்த்தால், அந்த நாகரிகமும் ஏற்பாட்டில் விளைந்தது என்பது தெரியும். 1973 செப்டம்பர் 15, அங்கே முதியோரைப் போற்றும் விடுமுறை நாள். அன்றுதான் டோக்கியோவின் சூவோ தடத்தில் ‘வெள்ளி இருக்கை’களை அறிமுகப்படுத்தினார்கள். அந்தப் பெயருக்குக் காரணம், ஷிங்கான்சென் அதிவேக ரயிலின் இருக்கைகளுக்கு வாங்கியதில் மிச்சமான வெள்ளிச் சாம்பல் நிறத் துணி. கையில் இருந்த துணியைப் போட்டுத் தொடங்கிவிட்டார்கள். தானாகவே எல்லோரும் எழுந்து இடம் கொடுத்துக்கொண்டிருந்தால் 1973-இல் தனித் துணி எதற்கு?

அதைவிட எனக்குப் பிடித்தவை இரண்டு அடையாளங்கள். கர்ப்பிணிகள் பையில் தொங்கவிட்டுக்கொள்ளும் ஒரு சின்னத்தை 2006-இல் அவர்களின் சுகாதார அமைச்சகம் கொண்டுவந்தது. முதல் மாதங்களில் வயிறு வெளியே தெரியாது. மயக்கமும் வாந்தியும் அப்போதுதான் அதிகம். அந்தச் சமயத்தில் “நான் கர்ப்பம், இடம் கொடுங்கள்” என்று முன்பின் தெரியாதவரிடம் வாய்விட்டுக் கேட்க எத்தனை பெண்களால் முடியும்? அடுத்து 2012-இல் டோக்கியோ மாநகர அரசு சிவப்புப் பட்டையில் வெள்ளைச் சிலுவைக் குறியும் இதயமும் போட்ட இன்னொரு சின்னத்தை வெளியிட்டது. செயற்கை மூட்டு வைத்தவர்கள், இதய நோயாளிகள் என்று வெளியே தெரியாத உபாதை உள்ளவர்களுக்கானது. இரண்டும் இலவசம். நம் நிலையங்களில் டோக்கன் கொடுக்கும் கவுண்டரிலேயே இவற்றைக் கொடுக்கலாம். ஜப்பானிடமிருந்து நாம் கடன் வாங்கிய யென்னைவிட இது மலிவு. நம் மெட்ரோக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் இந்த ஒன்றையாவது செய்ய வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

அக்கா விதான சவுதாவில் இறங்கினாள். ஜன்னல் வழியே கையசைத்துவிட்டுக் கூட்டத்தில் கலந்துபோனாள். நான் மெஜஸ்டிக்வரை போனேன்.

‘ரத்தத்துலயே இருக்கு’ என்ற பேச்சுக்கு டோக்கியோவின் சரித்திரத்திலேயே பதில் இருக்கிறது. 1912-இலேயே சூவோ தடத்தில் மாணவிகளுக்கென்று தனி வண்டி விடவேண்டியிருந்தது, பையன்கள் தொல்லை தாங்காமல். 1955-இல் ஷிஞ்ஜுகு நிலையத்தில் பயணிகளை முதுகில் கைவைத்து உள்ளே தள்ளுவதற்கென்றே ஆட்களை நியமித்தார்கள். 1970-களில் டோக்கியோ தடங்களில் காலை நேரக் கூட்டம், வண்டியின் கொள்ளளவைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். குடை மறந்துபோவது, கால்களை அகட்டி உட்கார்ந்து மூன்று பேர் இடத்தை ஒருவர் பிடிப்பது, பிளாட்பாரத்தில் புகைப்பது என்று எல்லாம் இருந்தது. இருந்ததற்குச் சாட்சி அவர்களின் சுவரொட்டிகள்தான். 1974 முதல் ஹிதேயா கவகிதா என்ற ஓவியக் கலைஞர் சுரங்க ரயிலுக்காக மாதந்தோறும் ஒரு சுவரொட்டி வரைந்தார். குடையை மறக்காதீர்கள் என்று சொல்வதற்கு மர்லின் மன்றோ வந்தார். இடத்தை அடைத்துக்கொண்டு உட்காருகிறவருக்குச் சாப்ளினின் சர்வாதிகாரி வேஷம். ஜனங்கள் சிரித்தார்கள், நின்று படித்தார்கள். 2008-இல் பும்பெய் யொரிஃபுஜி வந்தார். மஞ்சள், கறுப்பு, வெள்ளை நிறங்களை மட்டும் வைத்து அவர் வரைந்த படங்களில், வண்டியில் மேக்கப் போடுகிறவரையும், குடித்துவிட்டுச் சாய்ந்து கிடப்பவரையும், போனில் கத்துகிறவரையும் பார்த்து, இதையெல்லாம் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

2008 ஒன்றும் பழங்காலமில்லை. வண்டியில் எது உங்களுக்குத் தொல்லை என்று அங்குள்ள தனியார் ரயில்வே சங்கம் இன்றைக்கும் ஆண்டுதோறும் ஜனங்களைக் கேட்டுப் பட்டியல் போடுகிறது. சத்தமாகப் பேசுவது, உட்காரும் விதம், பையை வைத்திருக்கும் விதம் என்று அந்தப் பட்டியலில் வருவதெல்லாம் நம் அக்காவும் தினமும் சொல்கிற புகார்கள்தான். சொல்லிச் சொல்லி, வரைந்து வரைந்து, ஐம்பது வருஷம் சலிக்காமல் செய்ததன் பலன் நாம் இன்று பார்க்கும் அமைதி. நம் மெட்ரோவுக்கு இன்னும் இருபது வயதுகூட ஆகவில்லை.

மெஜஸ்டிக் நிலையத்தில் ஊதாத் தடத்திலிருந்து பச்சைத் தடத்துக்கு மாறுவது ஒரு அனுபவம். பூமிக்கடியில் ஒரு தடத்துக்கு மேல் இன்னொரு தடம். காலையில் அந்தப் படிகளில் போகும்போது நம் காலை நாம் எடுத்து வைக்கவேண்டியதில்லை, கூட்டமே கொண்டுபோகும். கயிறு கட்டி, தடுப்பு வைத்து, ஊழியர்கள் கைகாட்டி வரிசைப்படுத்துகிறார்கள். நான் தெற்கே போகும் வண்டிக்கு நின்றேன்.

எதிர்த் திசையில் நாலாவது நிலையம் ராஜாஜிநகர். 2024 பிப்ரவரியில் அங்கே நடந்ததைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். தலையில் துணி மூட்டையோடு வந்த வயதான விவசாயி ஒருவரை, கையில் டிக்கெட் இருந்தும், உடை சரியில்லை என்று பாதுகாப்புச் சோதனையில் நிறுத்திவிட்டார்கள். அவருக்கு அது ஏன் என்றே புரியவில்லை. அப்போது பக்கத்தில் நின்ற பயணிகள் சிலர் விடவில்லை. எந்தச் சட்டத்தில் இருக்கிறது, இந்த வண்டி வி.ஐ.பி.களுக்கு மட்டுமா என்று கேட்டுச் சண்டைபோட்டு, அந்தப் பெரியவரைக் கையோடு உள்ளே அழைத்துப்போனார்கள். வீடியோ பரவியது. மெட்ரோ நிர்வாகம் அந்தப் பாதுகாப்பு மேற்பார்வையாளரை வேலையிலிருந்து நீக்கி, வருத்தம் தெரிவித்தது.

பயண நாகரிகம் பற்றி எழுதும்போது இந்தச் சம்பவத்தைத் தள்ளிவிட்டு எழுதக் கூடாது. சுத்தம், அமைதி, வரிசை என்று பேசிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அழுக்குச் சட்டைக்காரர் உள்ளே வரக்கூடாது என்ற இடத்துக்குப் போய் நிற்கும் ஆபத்து நம் ஊரில் எப்போதும் உண்டு. நம் சாதி வழக்கங்கள் நமக்கு அப்படிப் பழக்கிவைத்திருக்கின்றன. அன்று ராஜாஜிநகரில் குரலை உயர்த்தியவர்கள் ஒழுங்கைக் கெடுத்தவர்கள் அல்லர். அந்த நிலையத்தில் அன்றைக்கு நாகரிகமாக நடந்துகொண்டவர்கள் அவர்கள்தான்.

அமைதிக்கும் ஒரு விலை உண்டு என்பதை டோக்கியோவில்தான் கற்றேன். நெரிசலில் பெண்களைத் தொடும் கயவர்கள் அங்கே நெடுங்காலப் பிரச்சினை. சத்தம் போடக் கூடாது என்று வளர்ந்த பெண்கள், அந்த நேரத்திலும் சத்தம் போடத் தயங்கினார்கள். எல்லோரும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நிற்கும் வண்டியில், யாரிடம் சொல்வது? 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் கெய்யோ தடத்தில் இரவு நேரத்தில் பெண்கள் பெட்டியைச் சோதனையாக விட்டார்கள், அடுத்த ஆண்டே அதை நிலையாக்கினார்கள். பிறகு மற்ற தடங்களும் பின்பற்றின. அங்கே விற்கும் செல்போன்களில் கேமரா ‘கிளிக்’ சத்தத்தை நிறுத்தமுடியாதபடி செய்திருப்பதும் திருட்டுத்தனமாகப் படம் எடுப்பதைத் தடுக்கத்தான். நம் மெட்ரோவில் பயணம் செய்த பெண்களை அவர்களுக்குத் தெரியாமல் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டுவந்த ஒருவரை 2025 மே மாதம் பெங்களூர் போலீசார் கைதுசெய்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது அந்தக் ‘கிளிக்’ சத்தம்தான் நினைவுக்கு வந்தது. எல்லா ஒலியையும் குறைக்கவேண்டியதில்லை, சில ஒலிகள் இருந்தாக வேண்டும்.

ஆர்.வி. ரோடு நிலையத்தில் இறங்கினேன். பச்சைத் தடமும் மஞ்சள் தடமும் சந்திக்கும் இடம். எலெக்ட்ரானிக் சிட்டி வழியாகப் பொம்மசந்திரா போகும் மஞ்சள் தடம், 19 கிலோமீட்டர், 16 நிலையங்கள். 2025 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைத்து, மறுநாள் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அன்று நகரத்து மெட்ரோவில் மொத்தமாகப் பயணம் செய்தவர்கள் பத்து லட்சத்தைத் தாண்டினார்கள். ஓட்டுநர் இல்லாமலே ஓடக்கூடிய புதிய வண்டிகள். ஆனால் தொடக்கத்தில் இருந்தவை மூன்றே மூன்று. ஆகவே 25 நிமிடத்துக்கு ஒரு வண்டி. பிறகுதான் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. நான் போனபோதும் காத்திருப்பு நீண்டதாகவே இருந்தது.

இந்திராநகரில் காலையில் ஒதுங்கி நின்றவர்களும் இங்கே நின்றவர்களும் ஒரே ஜனங்கள்தான். அதே ஐ.டி. அட்டைகள், அதே முதுகுப் பைகள், அதே வயது. ஆனால் மஞ்சள் வண்டி வந்து கதவு திறந்ததும் வரிசை கலைந்தது. இறங்குகிறவர்கள் இறங்கி முடிப்பதற்குள் ஏறுகிறவர்கள் உள்ளே நுழைந்தார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டிருந்த ஒரு தகப்பன் கதவிலேயே இரண்டு பக்கமும் மோதிக்கொண்டு நின்றார். பச்சைத் தடத்தில் சில நிமிடங்களில் அடுத்த வண்டி. இங்கே அன்று இதைவிட்டால் ஆபீசுக்கு வெகுநேரத் தாமதம். அந்த நேரத்தைப் பறிகொடுக்க யார் சம்மதிப்பார்கள்? ஒரே மனுஷர் ஒரு பிளாட்பாரத்தில் பண்பாளர், படியேறி அடுத்த பிளாட்பாரத்துக்குப் போனால் முரடர். இதில் ரத்தம் எங்கே வந்தது?

டோக்கியோவில் யமனோதே தடத்தில் ஒருவர் வரிசையில் பொறுமையாக நிற்பதற்குப் பின்னால் அடுத்த வண்டி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வந்துகொண்டிருக்கிறது. 2017 நவம்பரில் ட்சுகுபா எக்ஸ்பிரஸ் வண்டி ஒன்று குறித்த நேரத்துக்கு 20 விநாடி முன்னால் புறப்பட்டுவிட்டது என்று நிறுவனமே மன்னிப்புக் கேட்டதை நம் பத்திரிகைகளும் வேடிக்கைச் செய்தியாகப் போட்டன. எனக்கு அதில் வேடிக்கை எதுவும் தெரியவில்லை. பயணியிடம் நாகரிகத்தைக் கேட்கும் நிர்வாகம், அந்தப் பயணிக்குத் தான் தரவேண்டியதை முதலில் தருகிறது. வண்டி தாமதமானால் அலுவலகத்தில் காட்டுவதற்கு நிலையத்திலேயே ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். ஓடிப்போய்த் தொற்றிக்கொள்ள வேண்டிய அவசியத்தையே எடுத்துவிட்டார்கள்.

அடித்துப்பிடித்து ஏறுவதில் பயனில்லை என்பதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டு எழுதியவர் தொரஹிகோ தெரதா. டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர், நாவலாசிரியர் நட்சுமே சோசெகியின் மாணவர். உடல்நலம் சரியில்லாததால் நெரிசலான டிராமில் ஏற அவரால் முடியாது. ஜிம்போச்சோ டிராம் நிறுத்தத்தில் கையில் கடிகாரத்தோடு நின்று வண்டிகளைக் குறித்துக்கொண்டே வந்தார். 1922-இல் அதைக் கட்டுரையாக்கினார். ஒரு வண்டி ஏதோ காரணத்தால் கொஞ்சம் பிந்தினால், நிறுத்தத்தில் ஆள் சேர்ந்துவிடும். ஆள் சேர்ந்தால் ஏற நேரமாகும், அதனால் இன்னும் பிந்தும், அடுத்த நிறுத்தத்தில் இன்னும் கூட்டம். அதன் பின்னால் வருகிற வண்டிக்கோ ஆளே இல்லை, அது வேகமாக வந்து முன் வண்டியின் வாலைப் பிடித்துவிடும். ஆகவே பிதுங்கும் வண்டியை விட்டுவிட்டு ஓரிரு வண்டிகள் காத்திருந்தால் உட்கார இடத்தோடு போகலாம். முதல் வண்டியில்தான் போவேன் என்று எல்லோரும் அடித்துப்பிடித்து ஏறுவது அந்த வண்டியையே மேலும் தாமதமாக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்.

மாலையில் தொம்மலூர் திரும்பிப் பழைய விமான நிலையச் சாலையில் இறங்கியபோது, மாரத்தஹள்ளிப் பக்கம் போகும் பஸ்ஸுக்காக நிறுத்தத்தில் பெருங்கூட்டம். அந்தச் சாலையின் உயிர்நாடி 335இ. மெஜஸ்டிக்கிலிருந்து தொம்மலூர், மாரத்தஹள்ளி வழியாகக் காடுகோடி போகிறது. வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பெண்கள் சாலை நடுவரை வந்து எட்டிப் பார்த்தார்கள். பிறகு ஒரு 335இ வந்தது, ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு, படியில் ஆட்கள் தொங்க. கூட்டம் மொத்தமும் பாய்ந்தது. கண்டக்டர், “முந்தே ஹோகி, முந்தே ஹோகி” என்று முன்னால் நகரச் சொல்லிக் கத்தினார். இறங்கவேண்டிய ஒரு அம்மா காய்கறிப் பையோடு உள்ளேயே மாட்டிக்கொண்டு, பஸ் நகர்ந்த பிறகு கூச்சல்போட்டு, சற்றுத் தள்ளி இறங்கி நடந்துவந்தார். அந்தப் பஸ்ஸின் பின்புறம் இன்னும் மறையவில்லை, அடுத்த 335இ வந்துவிட்டது. பாதிக் கூட்டம்தான். அதன் பின்னாலேயே, சிக்னலில், மூன்றாவது.

நிறுத்தத்தில் இரண்டாவது பஸ்ஸுக்கும் பாய்ச்சல்தான். பின்னால் மூன்றாவது வருவது அவர்களுக்குத் தெரியாது. தெரிவிக்க அங்கே ஒன்றும் இல்லை. மெட்ரோவில் தலைக்கு மேல் தொங்கும் பலகை, அடுத்த வண்டி எத்தனை நிமிடத்தில் என்று எண் போட்டுக் காட்டிக்கொண்டே இருக்கிறது. இங்கே அப்படி ஒரு பலகையும், பஸ்களுக்குத் தனித் தடமும் இருந்தால் என்ன ஆகும் என்று நிறுத்தத்தில் நின்றிருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன். தருமபுரிக்காரர், பல வருஷமாகத் தொம்மலூர்வாசி. “வரும்னு தெரிஞ்சா எதுக்கு தம்பி ஓடணும்? எனக்கென்ன ஆசையா?” என்றார்.

மூன்றாவது 335இ வந்து நின்றபோது அவருக்கு ஜன்னலோர இடமே கிடைத்தது. நான் அக்கா வீட்டுப் பக்கம் நடந்தேன். அத்தான் ஏழரைக்கு வந்துவிடுவார். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது.